சிறகுக் குதிரை நாணயம் எந்த ஊருடையது?

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த அப்பா, கிரேக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்த பழைய வெள்ளி நாணயம் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் சிறகுள்ள குதிரை, மறுபக்கம் தலைக்கவசம் போட்ட பெண். நகைக்கடைத் தராசில் 8.4 கிராம். எந்த ஊர் நாணயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குதிரை கிரேக்கப் புராணத்தின் பெகாசஸ், பெண் அதீனா தேவி. இந்த இரண்டையும் பார்த்ததும் பலரும் கிரேக்கத்தின் கொரிந்து நகரம் என்று சொல்லிவிடுவார்கள். பாதி சரி. கொரிந்தின் ஸ்டேட்டர் நாணயம் சுமார் 8.6 கிராம், தேய்மானம் போக உங்களுடையது பொருந்துகிறது. ஆனால் கொரிந்திலிருந்து போய்க் குடியேறிய பல ஊர்களும் இதே உருவங்களை, இதே எடையில் அடித்தன. அதனால் படத்தை விட்டுவிட்டு, குதிரையின் காலடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சிறு வட்டமும் அதன் அடியில் ஒரு குச்சியும் இருந்தால் அது கொப்பா என்ற எழுத்து, ஊர் கொரிந்துதான். மற்ற கிரேக்கர்கள் அந்த எழுத்தைக் கைவிட்ட பிறகும் கொரிந்து தன் நாணயத்தில் அதை விடவில்லை. அடிக்கோடு இல்லாமல் இரண்டு சாய்ந்த கோடுகள் உச்சியில் சேர்ந்தால் லாம்ப்டா, அதாவது லூக்காஸ். முக்கோணம் என்றால் பெரும்பாலும் டிர்ராக்கியோன். சிரக்கூஸ் ஊர்ப்பெயரையே நீளமாக எழுதியது.

தலைவலி தருவது ஆங்கில A போல இருக்கும் ஆல்பாதான். அம்ப்ராக்கியா, அனக்டோரியோன் இரண்டுக்கும் முதலெழுத்து அதுவே. ஆல்பாவோடு இன்னோர் எழுத்து பின்னிக் கிடந்தால் அனக்டோரியோன் பக்கம் சாயலாம். தனி ஆல்பா என்றால் அதீனாவின் தலைக்குப் பின்னால் இருக்கும் சின்னத்தைக் குறித்துக்கொண்டு, பிரிட்டிஷ் மியூசியம் இணையத்தில் வைத்திருக்கும் நாணயப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மண்ணில் கிடைத்தது என்பதை நம்பி முடிவு செய்ய முடியாது: கி.மு. 344இல் கொரிந்தின் தளபதி திமோலியோன் சிசிலித் தீவுக்குப் போன காலத்தை ஒட்டி, இந்தக் குதிரை நாணயங்கள் அங்கே ஏராளமாகப் போய்ச் சேர்ந்தன.

இன்னொன்று. துறைமுகத்தில் வாங்கியது என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் நகல்கள் அங்கே நிறைய. விளிம்பைச் சுற்றி ஒரே சீரான கோடு ஓடினாலும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தாலும் அச்சில் வார்த்தது என்று சந்தேகப்படுங்கள். அசல் சுத்தியலால் அடித்தது. நூலில் கட்டித் தண்ணீரில் முழுதாக மூழ்க விட்டு எடை பாருங்கள். நல்ல வெள்ளி என்றால் 0.8 கிராம் போலக் குறையும். 0.9ஐத் தாண்டினால் உள்ளே செம்பு இருக்கலாம். வெள்ளியிலேயே செய்த போலிகளும் உண்டு என்பதால், இதில் தேறினால் மட்டும் போதாது. கடைசியில் ஒரு நாணயவியலாளர் கையில் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

அதுவரை விபூதி, புளி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். உரைகல்லில் உரைக்கவும் விடாதீர்கள். அசல் என்று தெரிந்தால் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் வரும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனிநபர் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை.