அக்கா வீட்டு விருந்தாளி சிங்கப்பூரில் குடித்தனம் போடும்போது

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அக்கா வீட்டுக்குப் பலமுறை வந்துபோனதால் சிங்கப்பூர் உங்களுக்கு அத்துப்படி. இப்போது கம்பெனி எம்ப்ளாய்மென்ட் பாஸில் (உயர்நிலை வேலைகளுக்கான அனுமதி) இரண்டு வருடத்துக்கு அனுப்புகிறது. சாங்கி பிசினஸ் பார்க்கில் ஆபீஸ். மனைவி மூன்று மாதம் கழித்து, ஊரில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வருவதாகத் திட்டம். லிட்டில் இந்தியா பக்கமே வீடு பார்க்கலாமா, வேறு எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இத்தனை முறை வந்தும், வாடகை, கரண்டு பில், வரி, டாக்டர் எதுவுமே உங்கள் கைக்கு வந்திருக்காது. எல்லாவற்றையும் அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு வழி தெரியும், கடை தெரியும். குடித்தனம்தான் புதிது.

முதலில் வீடு. தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஆட்கள் அங்கே காய் வாங்கவும் கோயிலுக்கும் சாப்பிடவும் போகிறார்கள், குடியிருப்பது பெரும்பாலும் வேறு இடங்களில். 1989 முதல் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை பேர் இருக்கலாம் என்று விகிதம் வைத்திருக்கிறார்கள். அதனால் தமிழருக்கென்று தனிப் பேட்டை கிடையாது. ஆனால் எந்தப் பேட்டைக்குப் போனாலும் லிஃப்டில் தமிழ்க் குரல் கேட்கும். ஈசூனிலும் செங்காங்கிலும்கூட முருகன் கோயில் இருக்கிறது. உங்கள் ஆபீஸுக்குத் தெம்பனிஸ், சீமெய், பிடோக் பக்கம் பாருங்கள். தெம்பனிஸில் டௌன்டவுன் பாதை ரயில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். கிழக்கிலேயே சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுப்பிய கோயில், பார்க்க வேண்டிய இடம்.

வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. தனியார் அடுக்குமாடியான காண்டோ என்றால் மூன்று மாதம். வீட்டுக்காரர் வாடகைக்கு விட வீவக அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஏஜென்டின் பெயரும் போன் நம்பரும் வீட்டு ஏஜென்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏவின் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) அனுப்பாதீர்கள். ஏஜென்ட் போல நடித்து முன்பணம் வாங்கி மறைந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கமாக ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருடத்துக்கு இரண்டு மாத வாடகை முன்பணம். முத்திரை வரி, மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அதையும் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். இரண்டு வருடம் போடுவதானால் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற பிரிவைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை போனாலோ கம்பெனி வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, பொதுவாக ஒரு வருடத்துக்குப் பிறகு, இரண்டு மாத நோட்டீஸில் வெளியேற அதுதான் வழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் உங்கள் செலவு என்றும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தியர் என்று தெரிந்ததும் 'வீடு போய்விட்டது' என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மனது வலிக்கத்தான் செய்யும். எனக்கு இத்தனை காலம் கழித்தும் அது பழகவில்லை. அவர்களிடம் வாதாடி நேரத்தைக் கழிக்காமல் அடுத்த வீட்டைப் பாருங்கள். நம்மை மரியாதையாக நடத்துகிற சீன, மலாய் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. மனைவி வரும்வரை அறை மட்டும் எடுப்பதானால், சமையலுக்கு எவ்வளவு அனுமதி என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'லைட் குக்கிங்' என்று போட்டிருந்தால் தாளிக்கவே முடியாமல் போகலாம்.

அடுத்தது வரி. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊரில் போல மாதாமாதம் பிடிக்கமாட்டார்கள், சம்பளம் முழுதாகக் கைக்கு வரும். மறு வருடம் ஏப்ரல் 18-க்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், பிறகுதான் பில் வரும். வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோவில் (தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு) மாதத் தவணையாக வட்டியில்லாமல் கட்டலாம். முதல் மாதத்திலிருந்தே ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது வரி தீரும்வரை உங்களுக்குத் தரவேண்டிய பணத்தைக் கம்பெனி நிறுத்திவைக்கும், சட்டம் அப்படி. அதனால் கடைசிச் சம்பளத்தை நம்பி டிக்கெட்டோ கடனோ வைத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் பிஎஃப் போல இங்குள்ள சிபிஎஃப் வெளிநாட்டவருக்குக் கிடையாது, சேமிப்பு உங்கள் பொறுப்பு. ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான கணக்கு) ஆக மாற்றும் வேலையையும் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

மருத்துவத்தில் அசட்டையாக இருக்கவேண்டாம். உங்கள் பாஸுக்குக் கீழ்நிலை வேலை அனுமதிகளான எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியிலும் நமக்கு மானியம் கிடையாது. கம்பெனி காப்பீடு எவ்வளவு, மனைவிக்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து மருந்து கொண்டுவந்தால் டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். அக்கா உங்களை லிட்டில் இந்தியாவின் பெரிய கடையான முஸ்தபாவுக்கே கூட்டிப்போயிருப்பார். நீங்கள் உங்கள் பேட்டையில் மீனும் காயும் விற்கும் ஈரச்சந்தைக்குக் காலையில் போங்கள். மீன்காரரிடம் நாலு வாரம் வாங்கினால் ஐந்தாவது வாரம் அவரே நல்லதை எடுத்துவைப்பார். திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்கு மட்டும் தேக்கா போனால் போதும். ஞாயிறு மாலை வேண்டாம். அது கட்டுமான வேலை பார்க்கும் தம்பிகள் வாரத்தில் ஒருநாள் கூடிப் பேசும் நேரம், நமக்கு மற்ற நாளெல்லாம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் மனைவி விஷயம். டிபெண்டன்ட் பாஸில் (குடும்பத்தினருக்கான அனுமதி) வருகிறவர்கள் இங்கே வேலை பார்க்க, 2021 மே முதல், தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். முன்பு போல ஒரு சம்மதக் கடிதத்தோடு முடியாது. பாஸுக்கான தகுதிச் சம்பளம் தரும் கம்பெனி அமையவேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். அவர் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை என்றால் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா, இங்கிருந்தபடியே அந்த வேலையைத் தொடர அவர் கம்பெனியும் இங்குள்ள மனிதவள அமைச்சின் விதியும் இடம் தருமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். வீடு தேடுவதற்கு முன்பே இதை அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், தம்பி.