பெயரை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்: அமெரிக்க விவசாயக் குடும்ப வரலாறு கேள்வி-பதில்

பிள்ளைகள் அமெரிக்காவில் கல்யாணம் செய்து நிலைத்துவிட்ட வீடுகளிலிருந்து எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. மருமகளின் முன்னோர் யார், மருமகனின் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர், பேரக்குழந்தைக்கு இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதிவைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அவற்றில் ஒஹையோ முதல் நெப்ராஸ்கா வரை, மிட்வெஸ்ட் மாநிலங்களில் 19-ஆம் நூற்றாண்டில் உழுது பிழைத்த குடும்பங்களைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பங்களைத் தேடுபவர்கள் பெயரைத் தட்டித் தட்டியே களைத்துப்போகிறார்கள். பெயரைப் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எங்கள் மருமகளின் பாட்டி 1908-இல் அயோவாவில் பிறந்தவர். அவ்வளவுதான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

தெரிந்ததிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு படியாகப் போங்கள். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை சென்சஸ் உண்டு. தனிநபர் விவரங்களை 72 ஆண்டுகள் கழித்துத்தான் திறப்பார்கள். 1950-ஆம் ஆண்டுச் சென்சஸ் 2022-இல் வெளியானது. உங்களுக்கு வேண்டியது 1910. அதில் ஒன்றோ இரண்டோ வயதுக் குழந்தையாகப் பெற்றோருடன் பாட்டி இருப்பார். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகவே பார்க்கலாம்.

பெற்றோர் பெயர் கிடைத்ததும் 1900-க்குப் போங்கள். எனக்கு மிகவும் பிடித்த சென்சஸ் அது. பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை ஆண்டு, வெளிநாட்டில் பிறந்தவரானால் எந்த ஆண்டு வந்தார் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தாய்க்கும் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று இரண்டு எண்கள் இருக்கும். 9 என்றும் 6 என்றும் இருந்தால், எந்தக் குடும்பக் கதையிலும் வராத மூன்று பேரை நீங்கள் தேடியாக வேண்டும்.

1880-இல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பதும், அவரவர் பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்பதும் இருக்கும். அதற்கு முந்தைய சென்சஸில் உறவுமுறை கிடையாது. ஒரே வீட்டில் ஒரே குடும்பப் பெயரில் இருப்பதால் மட்டும் பிள்ளைகள் என்று எழுதிவிடாதீர்கள். அண்ணன் மகனாகவும் இருக்கலாம். அடிமைப்படுத்தப்படாத அனைவரையும் பெயர் சொல்லி எழுதியது 1850-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை.

1880-க்கும் 1900-க்கும் நடுவில் ஒரு மகள் காணாமல் போகிறாள். 1890 சென்சஸ் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. எரிந்தது போக மிஞ்சியதும் தண்ணீரில் நனைந்து கெட்டு, 1930-களில் அரசு அனுமதியோடே அழிக்கப்பட்டது. ஆறாயிரம் பெயர்களுக்கு மேல் கொஞ்சம்தான் தப்பின. 1881-இல் பிறந்து 1900-க்குள் கல்யாணமாகிப் போன பெண், பிறந்த வீட்டில் எந்தக் கூட்டாட்சிச் சென்சஸிலும் இருக்கவே மாட்டாள்.

ஆனால் மாநிலங்கள் தனியாக எடுத்தவை இருக்கின்றன. அயோவா, மினசோட்டா, விஸ்கான்சின், கான்சஸ் நான்கிலும் 1885, 1895 இரண்டுமே உண்டு. நெப்ராஸ்காவுக்கு 1885. இலினாய்ஸ்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே கடைசி மாநிலச் சென்சஸ் 1865. உள்நாட்டுப் போரில் யூனியன் (வட மாநிலங்களின்) தரப்பில் சண்டையிட்டவர்களுக்காக 1890-இல் தனியாக ஒரு பட்டியல் எடுத்தார்கள். அகரவரிசையில் முன்னால் வரும் இலினாய்ஸ், இண்டியானா, அயோவா, கான்சஸ் பெரும்பாலும் போய்விட்டன. ஒஹையோ, மிச்சிகன், மினசோட்டா, நெப்ராஸ்கா பட்டியல்களைப் பார்க்கலாம்.

வீட்டுப் பெட்டியில் ஒரு காகிதம். ‘எஸ்.இ. கால், செக். 14, டி. 96 என், ஆர். 8 டபிள்யூ, 5-ஆம் பி.எம்.’ என்றிருக்கிறது. இது என்ன?

உங்கள் கையில் இருப்பது சாவி. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு குடும்பத்தின் பாதி வரலாற்றை எடுத்துவிடலாம்.

1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டத்திலிருந்து, ஒஹையோ ஆற்றுக்கு வடமேற்கே இருந்த நிலத்தைச் சதுரம் சதுரமாக அளக்கத் தொடங்கினார்கள். ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்டது ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். உங்கள் வரி சொல்வது 14-ஆம் செக்‌ஷனின் தென்கிழக்குக் கால். ஐந்தாம் தலைமை மெரிடியனுக்கு (அளப்பதற்காக வைத்த வடக்கு-தெற்குக் கோடு) மேற்கே எட்டாவது வரிசை, அடிக்கோட்டுக்கு (அதேபோன்ற கிழக்கு-மேற்குக் கோடு) வடக்கே தொண்ணூற்றாறாவது டவுன்ஷிப். அது அயோவாவின் வடகிழக்கில், விண்ணஷீக் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) விழுகிறது.

செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போகும். அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும். ஏர் பூட்டிய மாடு வயலில் போய்த் திரும்புகிற மாதிரி. அதனால் 14-க்கு வடக்கே 11, தெற்கே 23, இரு பக்கமும் 13, 15. இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள்தான் பல நேரம் அந்தக் குடும்பத்தின் சம்பந்திகள், சாட்சிகள், பழைய ஊரிலிருந்து கூடவே வந்தவர்கள்.

அடுத்து, கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகம் பழைய பட்டாக்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நில விவரத்தைக் கொடுத்துத் தேடினால், அரசிடமிருந்து முதலில் வாங்கியவர் பெயரோடு பட்டாவின் படமே வரும். நம்மவர் பெயர் இல்லையென்றால் பதற வேண்டாம். படைவீரர்களுக்குக் கொடுத்த நில வாரண்டுகளை (அரசு நிலம் பெறும் உரிமைச் சீட்டுகளை) விலைக்கு வாங்கி நிலம் எடுத்தவர்கள் ஏராளம். பட்டாவிலிருந்து கவுண்டி பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, விற்றவர், வாங்கியவர் அட்டவணைகளில் பத்திரங்களை வரிசையாகப் பிடித்து வாருங்கள். தாய்ப் பத்திரம் தேடிப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை.

ஏக்கர் ஒன்றே கால் டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் கோப்பில் ரசீதைத் தவிர அதிகம் இருக்காது. ஹோம்ஸ்டெட் நிலமானால் கதையே வேறு. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் 160 ஏக்கர் வரை, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் சிறு கட்டணத்தோடு தந்தது. அதன்படி சுமார் 16 லட்சம் பட்டாக்கள், 27 கோடி ஏக்கர் போயின. குடியிருந்ததை நிரூபிக்கும்போது விவசாயியும் இரண்டு சாட்சிகளும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வீடு எத்தனை அடி, எந்த மரத்தில் கட்டியது, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதார், குடும்பத்தில் எத்தனை பேர் என்று எல்லாமே அதில் வரும். வெளிநாட்டுக்காரரானால் குடியுரிமைக் காகிதத்தின் நகலும் இருக்கும். இந்தக் கோப்புகள் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாதியில் கைவிட்டுப் போனவர்களின் கோப்புகளும் இருக்கின்றன. அவற்றுக்கு டிராக்ட் புத்தகங்கள் (எந்தத் துண்டு நிலத்துக்கு யார் விண்ணப்பித்தார் என்று எழுதிய பதிவேடுகள்) வழியாகப் போக வேண்டும். வெற்றி பெற்றவர்களை மட்டும் தேடினால் வறட்சியிலும் கடனிலும் தோற்றவர்கள் வரலாற்றிலிருந்தே போய்விடுவார்கள். அதனால்தான் அந்தச் சிரமத்தைப் படச் சொல்கிறேன்.

நிலம் தெரிந்த பிறகு 1850 முதல் 1880 வரையிலான விவசாயச் சென்சஸைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் திறப்பதே இல்லை. உழுத ஏக்கர், குதிரை, கறவை மாடு, பன்றி, கோதுமை, மக்காச்சோளம், வெண்ணெய் எத்தனை பவுண்டு என்று அந்தப் பண்ணையே கண்முன் வரும். வெண்ணெய்க் கணக்கை மட்டும் தனியாகப் பாருங்கள். அந்த வரிசையில் ஆணின் பெயர்தான் இருக்கும். கடைந்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

அந்த நிலத்தில் அவர்களுக்கு முன் யார் இருந்தார்கள்? அதையும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். விண்ணஷீக் கவுண்டி அமைந்த பகுதியில் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களை அரசு குடியமர்த்தியிருந்தது. 1848-இல் அங்கிருந்தும் அவர்களை மினசோட்டாவுக்குப் பெயர்த்தார்கள். கவுண்டியின் பெயரே அவர்களுடைய தலைவர் ஒருவரின் பெயர்தான். பட்டாவில் இதெல்லாம் வராது; பூர்வகுடிகளோடு அரசு செய்த ஒப்பந்தங்களைத் தேட வேண்டும். அயோவாவின் கிழக்கு ஓரம் 1832-இல் பிளாக் ஹாக் போருக்குப் பின் சாக், மெஸ்குவாக்கி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து எடுக்கப்பட்டு, 1833 ஜூனில் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது. மெஸ்குவாக்கி மக்கள் 1857-இல் டாமா கவுண்டியில் தங்கள் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கித் திரும்பி வந்தார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். குடும்ப வரலாற்றில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவது நியாயம்.

கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் எங்கும் இல்லை. எல்லாவற்றிலும் ‘மேரி’ மட்டும்தான்.

இதுதான் இந்தத் துறையிலேயே கடினமான வேலை. பிறப்புச் சான்றிதழை நம்ப முடியாது. அயோவாவில் கவுண்டி அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியதே 1880-இல். அப்புறமும் பலர் பதியவில்லை. ஆனால் திருமணப் பதிவு பெரும்பாலும் கவுண்டி உருவான காலத்திலிருந்தே இருக்கும். இப்போதைய கவுண்டியில் இல்லையென்றால், அது எந்தப் பழைய கவுண்டியிலிருந்து பிரிந்தது என்று பாருங்கள். எல்லைகள் மாறிய விதத்தைச் சிகாகோவின் நியூபெரி நூலகம் தேதிவாரியாக வரைபடமாக்கியிருக்கிறது.

அதுவும் கைகொடுக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போங்கள். தகப்பன் இறந்து சொத்தும் மைனர் பிள்ளைகளும் இருந்தால், தாய் உயிரோடு இருந்தாலும் பிள்ளைகளின் சொத்துக்குக் கார்டியன் நியமிப்பார்கள். அந்தக் கார்டியன் பல நேரம் தாய்மாமனாக இருப்பார். அவருடைய குடும்பப் பெயர்தான் நீங்கள் தேடுவது. ஊகமாக எடுத்துக்கொண்டு, அவருடைய தகப்பனின் சொத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். பாகப்பிரிவினை வழக்கு ஒன்று இருந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். கட்டிக்கொடுத்த மகள்களையும் அவர்களுடைய கணவர்களையும், செத்துப்போன பிள்ளையின் வாரிசுகளையும்கூடப் பெயர் பெயராக அடுக்கியிருப்பார்கள்.

கணவர் உள்நாட்டுப் போருக்குப் போனவரானால் விதவை ஓய்வூதியக் கோப்பையும் விடாதீர்கள். கல்யாணம் நடந்ததையும் பிள்ளைகள் பிறந்த தேதிகளையும் அந்தப் பெண் அரசுக்கு நிரூபித்தாக வேண்டும். பிரசவம் பார்த்தவளின் வாக்குமூலம் இருக்கும். குடும்ப பைபிளிலிருந்து கிழித்து அனுப்பிய பக்கமே சில கோப்புகளில் இருக்கிறது. ஒரு பக்கத்தைக்கூட விடாமல் முழுக் கோப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரே டவுன்ஷிப்பில் இரண்டு ஜான் மில்லர். ஒருவர் சீனியர், ஒருவர் ஜூனியர். அப்பா மகன்தானே?

அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். உறவே இல்லாமலும் இருக்கலாம். இருவரின் நிலத்தையும் தனித்தனியாக வரைபடத்தில் குறியுங்கள். நிலம் விற்கும்போது மனைவியும் தன் பாத்தியதையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவாள். எந்த ஜானுக்கு எந்த மனைவி என்று அங்கே பிரிந்துவிடும்.

நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று மருமகன் வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும்போதே கப்பல் நிறுவனம் தயாரித்தது. இங்கே அதிகாரிகள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான், மெதுவாக. இன்னொன்று, எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரியில். உங்கள் மருமகனின் முன்னோர் 1868-இல் வந்தவர்கள் என்கிறீர்கள். நியூயார்க் வழியாக வந்திருந்தால் அவர்கள் இறங்கியது அதற்கு முந்தைய குடிவரவு நிலையமான காஸில் கார்டன்.

1880-களில் வந்த கவுண்டி வரலாற்றுப் புத்தகத்தில் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நம்பலாமா?

பிள்ளைகள் பெயர், வந்த ஆண்டு போன்றவற்றைத் தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோர் பெருமையைச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். இவை முன்பணச் சந்தா திரட்டி வெளியிடப்பட்டவை. விவரம் கொடுத்ததே அந்தக் குடும்பம்தான். ஏழைக் குத்தகைக்காரர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

கல்லறையில் ‘இறப்பு 1871 மார்ச் 3, வயது 46 ஆண்டு 2 மாதம் 11 நாள்’ என்றிருக்கிறது. பிறந்த நாள்?

முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள் என்று கழியுங்கள். 1824 டிசம்பர் 23 வருகிறது. ஓரிரு நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

நார்வேக்காரர்கள் என்று தெரியும். எந்த ஊர் என்று தெரியவில்லை. அங்கே தேடத் தொடங்கலாமா?

இப்போது வேண்டாம். ‘ஓலே ஓல்சன்’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஓல்சன் என்றால் ஓலேயின் மகன், அவ்வளவுதான். அடுத்த தலைமுறைக்கு வேறு பெயர். அதோடு குடியிருந்த பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். ஒரே அண்ணன் தம்பிகள் அமெரிக்காவில் வெவ்வேறு குடும்பப் பெயரோடு வாழ்ந்ததற்கு இதுதான் காரணம்.

ஊர்ப் பெயர் அரசு ஆவணத்தில் கிடைப்பது அரிது. 1906-க்கு முந்தைய குடியுரிமைக் காகிதங்களில் பெரும்பாலும் எந்த மன்னரின் குடிமகன் என்பதோடு சரி. கிடைக்கும் இடம் லூத்தரன் சபைப் பதிவேடு. போதகர்களே அந்த நாட்டுக்காரர்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றிலும் பிறந்த திருச்சபைப் பகுதியை எழுதிவைத்தவர்கள் உண்டு. உங்கள் ஆளின் பதிவில் இல்லையென்றால் ஞானப்பெற்றோர் பெயர்களை எடுத்து, முன்பு குறித்துவைத்த பக்கத்துச் செக்‌ஷன்காரர்களோடு ஒப்பிடுங்கள். ஒரே பள்ளத்தாக்கிலிருந்து கூட்டமாக வந்து அடுத்தடுத்து நிலம் எடுத்தவர்கள் நிறைய. பக்கத்து நிலத்துக்காரரின் ஊர் உங்கள் ஊராகவும் இருக்க வாய்ப்பு உண்டு. ஊர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் மூன்றும் சேர்ந்ததும் நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளத்துக்குப் போங்கள். திருச்சபைப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக, இலவசமாகவே பார்க்கலாம். ஊரை விட்டுப் புறப்பட்டவர்களின் பட்டியல் அந்தப் பதிவேடுகளிலேயே தனியாக இருக்கும்; முதலில் அதைத் திறங்கள்.