வெல்டிங் வேலைக்கு ஆசைப்படும் மகன்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பத்தாம் கிரேடு படிக்கும் மகன் பிராஸ்பெக்டன் பக்கம் கார் தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான், அதற்குக் கணக்கு எதற்கு, அன்றாடக் கணக்கை மட்டும் கற்றுத்தரும் எளிய பாடமான மேத்தமெட்டிக்கல் லிட்டரசிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

நீங்கள் நினைப்பது முகமூடி போட்டுக் கம்பியால் பற்றவைக்கும் ஆர்க் வெல்டிங். இது வேறு. இரண்டு தகடுகளைச் செம்பு எலக்ட்ரோடுகள் அழுத்திப் பிடிக்கும்; பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரம் கண நேரம் பாயும்; தகடுகள் சந்திக்கும் இடம் உருகி ஒட்டிக்கொள்ளும். இந்த எலக்ட்ரோடுகள் பொருத்திய வெல்டிங் துப்பாக்கியைப் பெரும்பாலும் பிடிப்பது ரோபோ. மனிதனுக்கு உள்ள வேலை, மின்சாரம் தரும் கன்ட்ரோலரில் ஷெட்யூல் எழுதுவது. எத்தனை நேரம் அழுத்த வேண்டும், எவ்வளவு மின்சாரம், எத்தனை நேரம், பிறகு ஆறும்வரை எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கணக்கு இங்கேதான் வருகிறது. வெப்பம் மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்சாரம் 10 சதவீதம் ஏறினால் வெப்பம் 21 சதவீதம் ஏறும். இன்னொன்று: பழைய வகை ஏசி (மாறுதிசை மின்சார) வெல்டிங் மெஷின்களில் நேரத்தைச் சைக்கிளில், அதாவது மின்சாரத்தின் அலை எண்ணிக்கையில், எண்ணுவார்கள். அமெரிக்க அட்டவணை 60 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 60 சைக்கிளுக்கு, எழுதியது. 10 சைக்கிள் என்றால் அங்கே 167 மில்லிசெகண்ட். நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ், அதே 10 சைக்கிள் 200 மில்லிசெகண்ட் ஆகிவிடும். எண்ணை அப்படியே தட்டினால் தகடு அதிகம் உருகித் தெறிக்கும், சிலசமயம் ஓட்டையே விழும். காரணம் தெரிந்த பையன் தட்டுவதற்கு முன்பே நிறுத்துவான்.

கண்காணிப்பும் அவன் பொறுப்புதான். ஒவ்வொரு புள்ளிக்கும் உண்மையில் பாய்ந்த மின்சாரத்தை கன்ட்ரோலர் அளந்து, கீழ் எல்லை, மேல் எல்லையோடு ஒப்பிடும். எலக்ட்ரோடு முனை தேய்ந்து அகன்றால் அதே மின்சாரம் பெரிய பரப்பில் பரவி ஒட்டு பலவீனமாகும். அளவு மட்டும் சரியாகவே காட்டும்! அதனால்தான் முனையைச் சீவுகிறார்கள், மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள், மாதிரித் தகட்டைப் பிரித்தும் பார்க்கிறார்கள். நல்ல ஒட்டு ஒரு தகட்டில் பொத்தான் போலப் பிய்ந்து வரும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். கை நசுங்கலாம், பொறி தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

குறுகிய கால வெல்டிங் கோர்ஸ் எதிலும் பணம் கட்டாதீர்கள். எலக்ட்ரீஷியன் அல்லது மில்ரைட் (தொழிற்சாலை இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்ப்பவர்) அப்ரென்டிஸ்ஷிப்தான், அதாவது வேலை செய்தபடியே தொழில் பழகுவதுதான், வழி. படிக்கும்போதே சம்பளம் உண்டு, முடிவில் டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வு. மெர்சீட்டா இந்தத் துறைக்கான பயிற்சி அமைப்பு. அவர்கள் அங்கீகாரம் உள்ள இடமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கணிதமும் இயற்பியலும் இருந்தால் பிற்பாடு பல்கலைக்கழகக் கதவும் திறந்தே இருக்கும்.

பாடம் மாற்றும் ஃபார்மில் கையெழுத்துப் போடாமல், மகனின் மார்க் ரிப்போர்ட்டோடு இருவரும் வாருங்கள். கணக்கில் எங்கே தடுக்குகிறது என்று முதலில் பார்ப்போம்.