சாராள் காத்திருந்த ஆண்டுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆபிராம் (பின்னர் ஆபிரகாம்) கர்த்தரை விசுவாசித்தார் என்கிறது ஆதியாகமம் 15:6. அடுத்த அதிகாரத்திலேயே, பிள்ளைக்காக மனைவி சாராயின் (பின்னர் சாராள்) அடிமைப்பெண் ஆகாரைச் சேர்த்துக்கொள்கிறார். அதற்குள் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. 12 முதல் 21 வரையுள்ள அதிகாரங்களை, வயதை ஓரத்தில் குறித்துக்கொண்டே வாசித்துப் பாருங்கள். ஆரானை விட்டுப் புறப்படும்போது அவருக்கு 75. கானானில் 10 ஆண்டு குடியிருந்த பிறகு சாராய் ஆகாரைக் கொடுக்கிறார். ஆகாருக்கு இஸ்மவேல் பிறக்கும்போது 86. அதற்குப் பிறகு 99 வயது வரை வேதம் எதுவுமே சொல்வதில்லை. சாராள் ஈசாக்கைப் பெறும்போது அவருக்கு 100, சாராளுக்கு 90.

பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. சந்ததி தருவேன் என்று தேவன் ஆபிராமுக்குச் சொன்ன வாக்குத்தத்தம் ஒரே நாளில் முழுதாக வரவில்லை. 12-ஆம் அதிகாரம் சந்ததி என்று மட்டும் சொல்கிறது. 15:4, வீட்டு விசாரணைக்காரன் எலியேசர் வாரிசல்ல, ஆபிராமுக்குப் பிறப்பவனே வாரிசு என்கிறது. தாய் யார் என்று அங்கும் இல்லை. தாயாகச் சாராளின் பெயர் 17:16-இல்தான் வருகிறது. ஆகவே 16-இல் அவர்கள் தெளிவான கட்டளையை மீறினார்கள் என்பது சரியான வாசிப்பு அல்ல. சாராய் செய்தது அன்றைய வழக்கம். ஈராக்கின் கிர்குக் அருகே நூசியில் கிடைத்த களிமண் பலகைகளில் ஒரு திருமண ஒப்பந்தம் இருக்கிறது. மனைவிக்குப் பிள்ளை இல்லையென்றால் அவளே கணவனுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

வழக்கம் என்பதால் அது நியாயமாகிவிடாது. ஆகாரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அந்த அதிகாரத்தில் சாராயும் ஆபிராமும் அவளை அடிமைப்பெண் என்றே பேசுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது வனாந்தரத்தில் அவளைக் கண்ட தூதன் மட்டுமே. காத்திருப்பின் பாரத்தை அடுத்தவர் தலையில் இறக்கியதுதான் அங்கே நடந்த தவறு.

கேள்வி: முதுமையில் பிள்ளை பெறுவாள் என்று கேட்டதும் சாராள் சிரித்தது (ஆதியாகமம் 18) அவிசுவாசம்தானே?

பதில்: அப்படியானால் ஆபிரகாமையும் அதே கணக்கில் வைக்க வேண்டும். 17:17-இல் அவரும் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். தான் சிரிக்கவில்லை என்று சாராள் பயந்து மறுத்தபோது, கர்த்தரிடமிருந்து “இல்லை, நகைத்தாய்” என்று ஒரே பதில் வருகிறது. தண்டனை இல்லை, வாக்கும் திரும்பப் பெறப்படவில்லை.

கேள்வி: பிள்ளையில்லாமல் முதுமையடைந்த தம்பதிக்கு இந்தக் கதையைச் சொல்லி ஆறுதல் தரலாமா?

பதில்: “90 வயதில் சாராளுக்குக் கிடைத்ததே, உங்களுக்கும் கிடைக்கும்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த வாக்கு ஒரு குடும்பத்துக்குத் தரப்பட்டது. ஈசாக்கின் மனைவி ரெபெக்காளும் 20 ஆண்டு காத்திருந்து பெற்றாள். தாவீதின் மனைவி மீகாளுக்கோ சாகும்வரை பிள்ளை இல்லை (2 சாமுவேல் 6:23). பிள்ளையில்லாமல் அழுத அன்னாளிடம் (1 சாமுவேல் 1) அவள் கணவன் எல்க்கானா, பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலானவன் அல்லவா என்று அன்போடுதான் கேட்டான். அவள் அழுகை நிற்கவில்லை. ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அவள் ஜெபித்ததைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் ஆசாரியர் ஏலி.

முதலில் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். வாசிக்க விரும்பினால், ஆபிராம் தேவனிடமே முறையிடும் 15:2-3-இலிருந்து தொடங்குங்கள். அந்த முறையீட்டுக்கு மூன்று வசனம் தள்ளித்தான் அவருடைய விசுவாசம் நீதியாக எண்ணப்படுகிறது. அடுத்து ஏசாயா 56:3-5. பிள்ளை பெற வழியே இல்லாத அண்ணகர்களுக்கு, குமாரரையும் குமாரத்திகளையும்விட மேலான பெயரைத் தம் ஆலயத்துக்குள்ளே தருவதாகக் கர்த்தர் சொல்லும் பகுதி அது.