முள் குத்திய காலில் சீழ்: அதே ஊசியை மறுபடி போடலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு வாலிநோக்கம் பக்கம். முப்பது செம்மறி வைத்திருக்கிறோம். உப்பளத்தை ஒட்டிய கருவைக்காட்டில்தான் மேய்ச்சல். மூன்று வாரத்துக்கு முன்னால் நாலு மாதச் சினை ஆடு ஒன்றுக்கு முன்னங்காலில் முள் ஏறிவிட்டது. தெரிந்த முள்ளைப் பிடுங்கிவிட்டோம். நாலாம் நாள் குளம்புக்கு மேலே வீங்கி, தொட்டால் சுட்டது. ஊரில் ஊசி போடுகிற ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போனார். மறுநாளே வீக்கம் வற்றி ஆடு நடந்தது. ஒரு வாரம் கழித்து முன்னைவிடப் பெரிதாக வீங்கி, இப்போது சீழ் வடிகிறது. அதே ஊசியை இன்னொரு தடவை போடலாமா? காலி மருந்துக்குப்பியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சீழ் வருவது கெட்ட ரத்தமா? கோழி ஒன்றுக்கும் பாதத்தில் கட்டி இருக்கிறது. அதில் மட்டும் சீழே வரவில்லை, கல்லு மாதிரி இருக்கிறது. அது ஏன்?

பதில்: போடாதீர்கள் அம்மா. படத்தில் இருப்பது டெக்சாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. வீக்கத்தை அடக்கும் மருந்து அது. கிருமியைக் கொல்லாது, முள்ளையும் எடுக்காது. அது என்ன செய்தது என்று புரிய வேண்டுமானால், உங்கள் ஆட்டின் காலில் வடிகிற சீழ் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது கெட்ட ரத்தம் இல்லை. அந்தச் சீழில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் தகடு முழுக்க ஒரே வகை வெள்ளணு மொய்த்துக் கிடக்கும். ஊதா நிறத்தில் அதன் அணுக்கரு மூன்று நாலு முண்டாகப் பிரிந்து, இடையில் மெல்லிய நூலால் கோத்த மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். பாதி அணுக்கள் உடைந்து, உள்ளே விழுங்கிய கிருமியோடு செத்துக் கிடக்கும். இவற்றுக்குப் பெயர் நியூட்ரோபில். காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவருகிற காவல்படை இவைதான். சீழ் என்பது பெரும்பாலும் வேலையை முடித்துவிட்டுச் செத்த நியூட்ரோபில்கள்.

இவை எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. மனித உடம்பில் மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி உற்பத்தியாகும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் சில மணி நேரம்தான் சுற்றும். எங்காவது காயம் என்று சேதி வந்தால், அந்த இடத்தில் ரத்தக்குழாயின் உள்சுவரைப் பிடித்துக்கொண்டு உருண்டு, நின்று, சுவரின் இடுக்கு வழியாக வெளியே இறங்கும். குழாய் விரிந்து நீரும் கசிவதால்தான் வீக்கம், சூடு, சிவப்பு, வலி. கிருமியைக் கண்டால் விழுங்கி உள்ளேயே கொல்லும். கொல்வதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடும், ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்லுமே, அதே அமிலமும் அதற்குள்ளேயே தயாராகின்றன. அந்த வேலைக்கு உதவும் நொதியின் நிறம் பச்சை. சில சமயம் சீழில் பச்சை ஓடுவது அதனால்தான். விழுங்கித் தீராத இடத்தில் தன் டி.என்.ஏ.வையே நூலாக வெளியே விட்டு, நம் கடற்கரையில் வலை விரிப்பதுபோல் விரித்துக் கிருமியைச் சிக்க வைக்கும். இதை 2004இல்தான் பெர்லின் ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டார்கள்.

முள்ளுக்கும் இந்தப் படைக்கும் உள்ள உறவு கடலோரத்தில்தான் முதலில் தெரியவந்தது. 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரை ஊரில் தங்கியிருந்த மெச்னிக்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் தோட்டத்து முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அலையும் அணுக்கள் கூடிவிட்டிருந்தன. உடம்பு தானே படை திரட்டி எதிர்க்கிறது என்று அவர் சொன்னதற்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு அதைப் பகிர்ந்துகொண்ட எர்லிக்தான் சாயம் ஏற்றிப் பார்த்து நியூட்ரோபில் என்று பெயர் வைத்தவர். நம் மன்னார் வளைகுடாவில் வலையோடு ஏறிவருகிற நட்சத்திர மீனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான் வரும்.

இப்போது உங்கள் ஊசிக்கு வருவோம். நியூட்ரோபில் குழாய்ச் சுவரைப் பிடிப்பதற்கு அதன் மேல் கொக்கிபோல் ஒரு புரதம் இருக்கிறது. ஸ்டீராய்டு போட்டதும் அந்தக் கொக்கி கழன்றுவிடும். அணுக்கள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனை செய்தால் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஆனால் காலுக்கு ஆள் போய்ச் சேராது. ஆள் இறங்கவில்லை, அதனால் வீக்கம் இல்லை, வலி இல்லை, ஆடு நடந்தது. உள்ளே கிருமி காவல் இல்லாத வீட்டில் புகுந்ததுபோல ஒரு வாரம் பெருகிக்கொண்டது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் படை மொத்தமாக வந்து இறங்கியது. நீங்கள் பார்த்த இரண்டாவது வீக்கம் அதுதான்.

சினை ஆட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். நாள் நெருங்கும்போது குட்டியின் உடம்பில் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்தான் பிரசவத்தைத் தொடங்கி வைக்கிறது. டெக்சாமெத்தசோன் அதே சேதியைச் சொல்லும். கடைசி மாதத்தில் போட்டால் குட்டி முன்கூட்டியே விழுந்துவிடலாம். உங்கள் ஆடு இந்த முறை தப்பித்திருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. எங்கே போட வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரியும். சீழ் பிடிக்கிற காலுக்கு அது இடம் இல்லை.

ஏன் சீழ் நிற்காமல் வருகிறது? என் கணிப்பு, முள்ளின் நுனி உள்ளேயே இருக்கிறது. சீமைக்கருவேல முள் இழுக்கும்போது முறிந்து நுனி தங்கிவிடும், தோலில் துளைகூடத் தெரியாது. அந்த மரத்துணுக்கு உள்ளே இருக்கிற வரை படை வந்துகொண்டேதான் இருக்கும், எந்த ஆன்டிபயாடிக் போட்டாலும் திரும்ப வரும். அதோடு, நியூட்ரோபில் உடையும்போது சிந்துகிற நொதிகள் நல்ல சதையையும் சேர்த்துக் கரைக்கும். மூட்டுக்குப் பக்கத்தில் நாள்கணக்காக அப்படி விட்டால் ஆடு நிரந்தரமாக நொண்டியாகிவிடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், அல்லது உங்கள் கால்நடை மருந்தகத்துக்கே ஆட்டைக் கொண்டுபோங்கள். துளையைத் தாழ்வான பக்கம் திறந்து, துழாவி முள்ளை எடுத்து, சீழ் தானாக வடிய வழி விட வேண்டும். டெட்டனஸ் தடுப்பையும் கேட்டு வாங்குங்கள். முள் காயத்தில் செம்மறிக்கு அந்தப் பயம் உண்டு.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கை பொறுக்கிற சூட்டில் உப்புப் போட்ட வெந்நீரில் காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் ஆட்டின் காலை முக்கி வையுங்கள். சூட்டில் ரத்த ஓட்டம் கூடும், சீழ் இளகும். பிதுக்காதீர்கள், பிதுக்கினால் சீழ் பக்கத்துச் சதைக்குள் ஏறும். பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, பால் இல்லாத லேசான டீ நிறத்துக்குக் கொண்டுவந்து கழுவுங்கள். கெட்டியாக ஊற்றினால் கிருமியோடு வெள்ளணுவும் சாகும், புண் ஆறாது. ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புழு வைத்துவிட்டால் வேலை இரட்டிப்பாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. தாடைக்குக் கீழேயோ தோளுக்கு முன்னாலோ கட்டி வந்து, சீழ் வெண்ணெய் மாதிரி கெட்டியாக அடுக்கடுக்காக இருந்தால் அது முள் சீழ் இல்லை, வேறொரு தொற்றுநோய். அந்த நோயின் கிருமி வெள்ளணுவுக்குள்ளேயே சாகாமல் வாழும். கிடைக்குள் வைத்து உடைத்தீர்கள் என்றால் முப்பது ஆட்டுக்கும் பரவும், மனிதருக்கும் ஒட்டலாம். அதை மருத்துவர் தனி இடத்தில் கையுறை போட்டுத் திறந்து, சீழைச் சுண்ணாம்போடு ஆழப் புதைக்க வேண்டும். அதே போல ஒரே சமயத்தில் ஐந்தாறு ஆடு நொண்டினால் முள்ளை நினைக்காதீர்கள், வாயைத் திறந்து புண் இருக்கிறதா என்று பாருங்கள். கோமாரியாக இருக்கலாம்.

சினை ஆட்டுக்குத் தீனி குறைந்தால் இந்தப் படையும் சோர்ந்துபோகும். பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் நியூட்ரோபில்கள் இயல்பாகவே மந்தப்படும். கருவைக்காயையும் காய்ந்த புல்லையும் மட்டும் நம்பாமல் கொஞ்சம் அடர்தீவனமும் தாது உப்புக்கலவையும் கொடுங்கள்.

அப்புறம் கோழி. பறவைகளுக்கு நியூட்ரோபில் கிடையாது. அந்த வேலையைச் செய்வது ஹெட்டிரோபில் என்ற வேறு வெள்ளணு. நான் மேலே சொன்ன பச்சை நொதி அதில் இல்லை. அதனால் கோழியின் சீழ் இளகி ஓடாது, பன்னீர்க்கட்டி போல உறைந்து நின்றுவிடும். வெந்நீரில் எத்தனை நாள் முக்கினாலும் அது தானாக வடியாது. மருத்துவர் கீறி உறைந்த அந்தச் சீழ்க்கட்டியை முழுசாகத் தோண்டி எடுத்தால்தான் ஆறும். ஆட்டைக் கொண்டுபோகும்போது கோழியையும் ஒரு கூடையில் போட்டு எடுத்துப்போங்கள். திரும்பி வந்ததும் அது அடைகிற இடத்தில் சொரசொரப்பான கல், முள், கம்பி இருந்தால் அப்புறப்படுத்தி, கொஞ்ச நாள் மணல் பரப்பி விடுங்கள்.