குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனை எதற்கு?

30 வாரத்தில் பிறந்த குழந்தையின் கண் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்குப் பரிசோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு வருவது உள்ளே, கண்ணின் பின்புறம் ஒளியை உணரும் படலமான விழித்திரையில்; குறைமாத விழித்திரை நோய் (ROP) என்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்து "குறையில்லை" என்று சொல்வதில் பொருளே இல்லை.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் 16ஆம் வார அளவில் பார்வை நரம்பருகே தொடங்குகின்றன. விளிம்பை எட்ட ஏறத்தாழ 40 வாரம் ஆகிவிடும். முன்னதாகப் பிறந்தால் வேலை பாதியில் நிற்கிறது. கருப்பையைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம். சிகிச்சையில் கொடுப்பதும் சேர்ந்தால், குழாய்களை வளரத் தூண்டும் புரதம் குறைகிறது. சில வாரங்கள் கழித்து, குழாய் எட்டாத பகுதி ஆக்சிஜனுக்கு ஏங்கும்போது அதே புரதம் எக்கச்சக்கமாகப் பெருகி, தாறுமாறான குழாய்கள் முளைக்கின்றன. அவை தழும்பாகி இழுத்தால் விழித்திரையே பிரிந்துவிடலாம். பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வையிழந்தது இந்த நோயால்தான்.

இந்தியாவில், 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே. நோய் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். முற்றினால் லேசர் அல்லது கண்ணுக்குள் ஊசி, அதுவும் இரண்டு மூன்று நாளுக்குள். பின்னாளில் கிட்டப்பார்வை, மாறுகண் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால், பள்ளி வயதிலும் கண் மருத்துவரிடம் காட்டிவாருங்கள்.