ஊரின் ஒரே ஜிம்மைக் காப்பாற்ற முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சிறிய ஊரில் இருப்பது ஒரே ஒரு ஜிம். வாடகையும் மின்கட்டணமும் கட்டுப்படியாகாததால் மூன்று மாதத்தில் மூடிவிடப் போவதாக அதை நடத்துபவர் சொல்லிவிட்டார். பல ஆண்டுகளாக அங்கே பயிற்சி செய்துவரும் நாங்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு தொகையைத் திரட்டிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். அது பலன் தருமா?

பதில்: உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் பணம் திரட்டுவதற்கு முன்னால் அவரோடு ஒரு மாலை உட்கார்ந்து, கடந்த ஓராண்டின் வரவு செலவை மாதவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஜிம்மை நடத்துவதில் உள்ள சங்கடம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். வாடகை, பயிற்சியாளர் சம்பளம், காப்பீடு ஆகியவை பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தா வரவு மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். புத்தாண்டு உற்சாகத்தில் சேர்ந்தவர்களில் பலர் சில வாரங்களில் நின்றுவிடுவார்கள். அவர்களை நம்பி வாங்கிய கருவிக்குத் தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே, பழுதுபார்ப்புச் செலவு, பழைய வாடகைப் பாக்கி போன்ற ஒருமுறைச் சுமைதான் காரணம் என்றால் நீங்கள் திரட்டும் தொகை அதைத் தீர்த்துவிடும். மாதந்தோறும் பற்றாக்குறை விழுகிறதென்றால், அந்தத் தொகை சில மாதங்களில் கரைந்துபோய், கொடுத்தவர்களுக்கு மனக்கசப்பு மட்டுமே மிஞ்சும். அப்படியான நிலையில் நன்கொடையைவிட வாக்குறுதிதான் அவருக்குத் தேவை. இருபது பேரும் ஓராண்டுச் சந்தாவுக்கு எழுத்தில் உறுதி கொடுத்து, வந்தாலும் வராவிட்டாலும் மாதத்தின் முதல் வாரத்தில் கட்டிவிடுவதாக ஏற்றுக்கொண்டால், கட்டட உரிமையாளரிடம் வாடகையைப் பற்றிப் பேசவே அவருக்குத் துணிவு வரும். ஆண்டு முழுவதற்குமான சந்தாவை மொத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இன்றைய கடனை அடைக்கும். அடுத்த பதினொரு மாத வரவை இன்றே விழுங்கிவிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அதிகாலையிலும் மாலையிலும் இடம் கொள்ளாத கூட்டம் இருக்கும் ஜிம், நடுப்பகலில் காலியாகக் கிடக்கும். அந்த மணி நேரங்களுக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கப்படுகிறது. பகலில் வரக்கூடியவர்கள் ஊரில் இருக்கிறார்கள்: பணி ஓய்வு பெற்றவர்கள், வீட்டைக் கவனித்துக்கொள்பவர்கள், இரவுப் பணி செய்பவர்கள். ஜிம் என்றால் இளைஞர்கள் உடம்பை முறுக்கேற்றும் இடம் என்று நினைத்து ஒதுங்கியிருக்கும் இவர்களுக்குத்தான் அது உண்மையில் அதிகமாகத் தேவைப்படுகிறது. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பயிற்சி இல்லாத உடல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசையை இழக்கிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு, கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சிகள் வாரத்தில் மூன்று நாள். நடைப்பயிற்சிக்குத் தெரு போதும். மற்ற இரண்டுக்கும் ஒரு கூடமும், தவறினால் தாங்கிப் பிடிக்க ஓர் ஆளும் இருந்தால்தான் முதியவர்கள் துணிந்து வருவார்கள்.

நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். எழுபதை நெருங்கிய ஓர் அம்மா, பார்பெல் (இரு முனைகளிலும் எடை மாட்டித் தூக்கும் நீண்ட கம்பி) தாங்கும் ஸ்டாண்டின் இரும்புத் தூணை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, பென்ச்சிலிருந்து எழுவதும் உட்காருவதுமாக ஐந்து முறை செய்தார். அவ்வளவுதான் அன்றைய பயிற்சி. சில வாரங்கள் கழித்து அதே பென்ச்சிலிருந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி எழுந்து நின்று, எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். அன்றுமுதல் அவர் தவறாமல் சந்தா கட்டுகிறார். கூடவே தம் தோழிகள் இருவரையும் அழைத்துவருகிறார். உங்கள் இருபது பேரில் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து இப்படி ஒருவரைப் பகல் நேரத்துக்குச் சேர்த்துவிட்டால், நீங்கள் திரட்ட நினைத்த தொகையைவிட அதுவே பெரிய உதவி.

கேள்வி: அது ஒரு தனிநபரின் தொழில். அவருடைய நட்டத்தை ஊர் ஏன் சுமக்க வேண்டும்? உறுப்பினர்களே எடுத்து நடத்தினால் என்ன?

பதில்: நியாயமான கேள்வி. அவருக்குத் தொடர்ந்து நடத்தும் விருப்பம் இருந்தால், வாடிக்கையாளராக உறுதியாக நிற்பதே உங்கள் கடமை. அதற்குமேல் அவருடைய நட்டத்தில் பங்கெடுக்க வேண்டியதில்லை. அவர் விலகவே விரும்பினால், கூட்டுறவு என்ற வழி இருக்கிறது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற உழைப்பாளிகளுமாக 28 பேர் ஒன்றுகூடித் தங்களுக்கான கடையைத் திறந்தபோது வகுத்துக்கொண்ட நெறிகள்தான் இன்றைய கூட்டுறவுக் கொள்கைகளுக்கு அடிப்படை. அவற்றில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது. அதிகப் பணம் போட்டவர் தமக்கு வசதியான நேரத்தையும் தமக்குப் பிடித்த கருவிகளையும் மற்றவர்கள்மேல் திணிப்பதை அது தடுக்கும்.

ஆனால் ஆர்வத்தோடு பங்குத் தொகை கட்டிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. காலை ஐந்து மணிக்குச் சாவியோடு வந்து கதவைத் திறப்பவர் யார்? இரவில் வியர்வை படிந்த பென்ச்சுகளைத் துடைப்பவர் யார்? இந்த முறைவைப்பு மூன்று மாதத்துக்குப் பெயர்களோடு எழுதி முடிக்கப்படாதவரை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். சங்கத்தை முறையாகப் பதிவு செய்து, கணக்கை ஆண்டுதோறும் வெளியாள் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்யுங்கள். யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்பதையும் காப்பீட்டு ஆவணத்தில் முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் நீங்களே கை கொடுக்கலாம். கிழிந்த ரெக்சினை மாற்றுவது, சுவருக்கு வண்ணம் அடிப்பது, தளர்ந்த போல்ட்டுகளை முறுக்குவது எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எடையைக் கப்பி வழியாக இழுக்கும் புல்லி கருவியின் கேபிளை மட்டும் சிக்கனம் கருதி விட்டுவைக்காதீர்கள். மேலுறை வெடித்து, உள்ளிருக்கும் கம்பி இழை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அன்றே அந்தக் கருவியை நிறுத்திவிட்டு, தொழில் தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள்.

கேள்வி: எல்லா முயற்சியும் தோற்று ஜிம் மூடப்பட்டால், இத்தனை ஆண்டு உழைப்பும் வீணாகிவிடுமா?

பதில்: உடனே வீணாகாது. மூச்சுத் திறன் இரண்டு வாரங்களிலேயே குறையத் தொடங்கும்; தசை வலிமை மூன்று வாரம் வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அதன்பிறகும், முன்பு தூக்கிய அதே எடையோடு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி செய்தாலே அந்த வலிமையைப் பல வாரங்களுக்குக் காத்துக்கொள்ளலாம். வழக்கமான நேரத்தை மட்டும் கைவிடாமல், ஒரு மைதானத்திலோ ஒருவருடைய மொட்டை மாடியிலோ எல்லோரும் கூடுங்கள்.

மூடும் தேதி உறுதியானால், கருவிகளைப் பழைய இரும்புக்குப் போடும்முன் உங்களிடம் கேட்கும்படி உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். டிரெட்மில்லை விட்டுவிடலாம், அதன் பெல்ட்டும் மோட்டாரும் தேய்பவை, மின்சாரமும் கேட்கும். 20 கிலோ பார்பெல் கம்பிகளையும், வார்ப்பிரும்பு பிளேட்டுகளையும், பார்பெல் தாங்கும் ஸ்டாண்டையும் முதலில் கேளுங்கள்.